மூளை வழி கற்கும் விதம்: பரிசு மட்டும் போதுமா?

கேள்வி இது: கணினி நிரலுக்குப் பரிசு கொடுத்துக் கொடுத்தே புதிர்ப்பாதையில் வழி கண்டுபிடிக்கக் கற்பித்துவிடுகிறார்கள், மூளையும் அப்படித்தான் வழி கற்கிறதா? மூளைக்குள் வரைபடம் இருக்கிறது என்று கண்டுபிடித்ததற்காக 2014இல் நோபல் பரிசும் கொடுத்தாகிவிட்டது; வரைபடம் கையில் இருக்கும்போது கற்பதற்கு என்னதான் மிச்சம்?

பரிசு வழியாகக் கற்பது மூளையில் உண்மையாகவே நடக்கிறது. ஆனால் அது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு செய்யவே முடியாத காரியத்தை ஒரு சாதாரண எலி செய்துவிடுகிறது. வரைபடம் என்று சொல்லப்படுவதும் அச்சடித்து உள்ளே வைத்த தாள் அல்ல. அதில் ஒரு பகுதி பிறவியிலேயே அமைந்தது, மற்றொரு பகுதி ஒவ்வோர் இடத்திலும் புதிதாகக் கற்கப்படுவது. எது எந்தப் பகுதி என்று பிரித்துப் பார்க்கக் கணித மாதிரிகள் பெரிதும் உதவியிருக்கின்றன. அதிலும் அவை வென்ற இடங்களைவிடத் தோற்ற இடங்களில்தான் நமக்கு அதிகம் தெரிய வந்திருக்கிறது.

1980களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மோரிஸ் ஒரு வட்டத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பால் கலந்து கலங்கலாக்கி, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு மேடையை மறைத்து வைத்தார். எலிக்கு நீந்தத் தெரியும்; ஆனால் நனைந்துகொண்டே இருக்கப் பிடிக்காது. முதலில் சுற்றிச் சுற்றி நீந்தித் தற்செயலாக மேடையில் ஏறும். சில முயற்சிகளுக்குப் பிறகு, தொட்டியின் எந்தப் பக்கத்திலிருந்து இறக்கிவிட்டாலும் மேடையை நோக்கி நேராகப் போகும். மேடை கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் கிடையாது. அறைச் சுவரில் இருக்கும் பொருள்களைக் கொண்டே அது தன் இடத்தை அறிகிறது. மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதி சேதமடைந்த எலிகளால் இது முடியவில்லை என்பது 1982இல் வெளியானது. மேடை வெளியே தெரியும்படி வைத்தால் அதே எலிகள் ஒழுங்காகப் போய் ஏறிவிடுகின்றன. நீந்தும் திறனும் கரையேறும் ஆசையும் அப்படியே இருக்க, இடத்தைப் பற்றிய அறிவு மட்டும் போயிருக்கிறது.

அந்த ஹிப்போகாம்பஸில்தான் 1971இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஜான் ஓ’கீஃப், ஜோனதன் டோஸ்ட்ரோவ்ஸ்கி இருவரும் இடச் செல்களைப் பற்றி அறிவித்திருந்தார்கள். எலி ஓர் அறையின் குறிப்பிட்ட மூலைக்கு வந்தால் ஒரு நரம்பணு துடிக்கும். இன்னொரு மூலைக்கு வந்தால் இன்னொன்று. பல செல்களைச் சேர்த்துப் பார்த்தால் எலி எங்கே நிற்கிறது என்று வெளியிலிருந்தே சொல்லிவிடலாம். வியப்பான கண்டுபிடிப்புதான். ஆனால் இடச் செல் சொல்வது ‘நீ இங்கே இருக்கிறாய்’ என்பதை மட்டுமே. ‘இந்தப் பக்கம் போ’ என்று அது சொல்வதில்லை. இங்கிருந்து அங்கே போவதற்கான அறிவு எங்கிருந்து வருகிறது?

2000இல் டேவிட் ஃபாஸ்டர், ரிச்சர்ட் மோரிஸ், பீட்டர் டயான் மூவரும் வெளியிட்ட மாதிரி இந்த இடைவெளியை நிரப்ப முயன்றது. இந்தத் துறைக்குள் நுழைய விரும்புகிறவர் முதலில் படிக்க வேண்டிய கட்டுரை அது என்பது என் கருத்து. கணினிக்குள் ஒரு தொட்டி, அதில் ஒரு கற்பனை எலி, அதன் இருப்பிடத்தைச் சொல்லச் சில நூறு இடச் செல்கள். அந்தச் செல்கள் இரண்டு பகுதிகளுக்குச் செய்தி அனுப்பும். ஒன்று மதிப்பிடுபவர்: இப்போது இருக்கும் இடம் எவ்வளவு நல்ல இடம், இங்கிருந்து மேடைக்குப் போய்ச் சேர எவ்வளவு வாய்ப்பு என்று ஓர் எண்ணைச் சொல்பவர். மற்றது செயல்படுபவர்: எட்டுத் திசைகளில் எந்தத் திசையில் நீந்துவது என்று தேர்ந்தெடுப்பவர். ஒவ்வோர் அடியிலும் மதிப்பிடுபவர் எதிர்பார்த்ததும் உண்மையில் கிடைத்ததும் ஒப்பிடப்படும். எதிர்பார்த்ததைவிட நிலைமை மேம்பட்டால், இரு பகுதிகளின் இணைப்புகளும் அதற்கேற்ப வலுப்பெறும், மோசமானால் தளரும்.

இந்த ‘எதிர்பார்ப்புப் பிழை’ வெறும் கணித வசதிக்காக வைத்தது அல்ல. குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளை வெளியிடும் நரம்பணுக்களைப் பதிவு செய்த வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸின் சோதனைகளை அவரும் டயானும் ரீட் மான்டேக்யூவும் 1997இல் இதே கணக்கைக் கொண்டு விளக்கினார்கள். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அந்தச் செல்கள் துடிக்கும். சாறு வரப்போகிறது என்று முன்கூட்டியே விளக்கு காட்டிப் பழக்கிவிட்டால், துடிப்பு சாறிலிருந்து விளக்குக்கு இடம் மாறிவிடும். விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வர வேண்டிய அந்த நொடியில் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கும். பிழையைக் கணக்கிடும் ஒரு பகுதி மூளையில் இருந்தால் எப்படி நடந்துகொள்ளுமோ, அப்படியே இருந்தது அது. ஆகவே கேள்வியின் முதல் பாதிக்கு ‘ஆம்’ என்ற பதிலுக்கு நல்ல ஆதாரம் உண்டு.

கற்பனை எலியும் மேடையைக் கண்டுபிடிக்கக் கற்றது. உண்மையான எலிகள் எடுத்துக்கொண்ட அளவு முயற்சிகளே அதற்கும் போதுமாக இருந்தன. இத்துடன் நிறுத்தியிருந்தால் இது இன்னொரு வெற்றிக் கட்டுரையாகப் போயிருக்கும். ஆனால் ஆசிரியர்கள் அதே மாதிரியை இன்னொரு சோதனைக்கு அனுப்பினார்கள். அதில் மேடையின் இடம் நாள்தோறும் மாறும். உண்மையான எலிகள் சில நாள் இந்த விளையாட்டில் பழகிய பிறகு, அன்றைய முதல் முயற்சியில் தேடி அலைகின்றன. இரண்டாவது முயற்சியிலேயே புதிய இடத்துக்கு நேராகப் போகின்றன. ஒரே ஒரு முறை பார்த்தது போதும். மாதிரியோ இங்கே திணறியது. நேற்று அது கட்டி எழுப்பிய மதிப்புகள் அனைத்தும் நேற்றைய மேடையை நோக்கியே இழுத்தன. பழையதை அழித்தாக வேண்டும். பிறகு புதிய மேடையிலிருந்து வெளிப்புறமாக மதிப்பு அடி அடியாகப் பரவ வேண்டும். பரிசு வழிக் கற்றலின் இயல்பே அது. எத்தனை திருகினாலும் ஒரே முயற்சியில் அதைச் செய்ய வைக்க முடியாது.

அவர்கள் சேர்த்த தீர்வுதான் முக்கியம். இடச் செல்களோடு இணைந்த இன்னொரு பகுதி, எலியின் இருப்பிடத்தைக் கிழக்கு-மேற்கு, வடக்கு-தெற்கு என இரண்டு எண்களாகச் சொல்லக் கற்றுக்கொள்ளும். எலி கிழக்கே ஒரு முழம் நகர்ந்தால், முன்பு சொன்ன எண்ணுக்கும் இப்போது சொல்லும் எண்ணுக்கும் இடையில் ஒரு முழமே வேறுபாடு இருக்க வேண்டும். இல்லையென்றால் அது பிழை, இணைப்புகளைத் திருத்து. இந்தப் பயிற்சிக்குப் பரிசு தேவையே இல்லை, தன் உடல் எவ்வளவு நகர்ந்தது என்ற உணர்வு இருந்தால் போதும். எண்கள் சீரான பிறகு மேடையை ஒரு முறை தொட்டால் அதன் இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொள்ளலாம். அடுத்த முறை, இருக்கும் இடத்தின் எண்களை அதிலிருந்து கழித்தால் போக வேண்டிய திசை கிடைத்துவிடும். மாதிரி இப்போது எலியைப் போலவே ஒரே முயற்சியில் கற்றது. அதாவது பரிசு எங்கே என்பதைக் கற்பது வேறு, இடம் எப்படி அமைந்திருக்கிறது என்பதைக் கற்பது வேறு. இரண்டாவது இருந்தால்தான் முதலாவது வேகமாக நடக்கும்.

மூளையில் அப்படி ஒரு அளவுகோல் இருக்கிறதா? ஐந்து ஆண்டுகள் கழித்து, 2005இல், நார்வேயின் ட்ரோன்ட்ஹைமில் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் குழுவினர் ஹிப்போகாம்பஸுக்கு அடுத்திருக்கும் என்டோரைனல் புறணியில் கிரிட் செல்களைக் கண்டறிந்ததாக அறிவித்தார்கள். இடச் செல் ஓர் இடத்தில் துடிக்கிறது என்றால், கிரிட் செல் தரை முழுவதும் சம இடைவெளியில், சமபக்க முக்கோணங்களின் முனைகளில் துடிக்கிறது. எலி எந்த வேகத்தில் எந்தப் பக்கம் ஓடினாலும் இந்த ஒழுங்கு மாறாது. 2012இல் இந்தச் செல்கள் சில தனித்தனித் தொகுதிகளாக இருப்பதும், ஒரு தொகுதியிலிருந்து அடுத்ததற்கு இடைவெளி ஏறத்தாழ 1.4 மடங்கு பெரிதாவதும் தெரியவந்தன. 2000இன் மாதிரி கேட்ட இரண்டு எண்கள் இப்படி உருமாறி இருக்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

கிரிட் செல்களின் இந்த முக்கோண ஒழுங்கு எப்படிப் பிறக்கிறது என்பதில் இரண்டு கட்சிகள் உருவாயின. ஒரு கட்சி, எலியின் மூளையில் நொடிக்கு எட்டு முறை அளவில் எழும் தீட்டா அலையைப் பிடித்துக்கொண்டது: சற்றே வேறுபட்ட அதிர்வெண் கொண்ட அலைகள் ஒன்றோடொன்று மோதினால் சீரான புள்ளி வடிவம் வரும். நீல் பர்ஜெஸ், காஸ்வெல் பேரி, ஓ’கீஃப் 2007இல் இதை விரிவாக எழுதினார்கள். நம் ஊரிலும் சென்னை ஐஐடியில் வி. சீனிவாச சக்கரவர்த்தியின் குழு அலையியற்றிகளை (சீராக அதிரும் அலகுகளை) அடிப்படையாகக் கொண்டு திசைச் செல் (தலை எந்தத் திசையில் இருக்கிறது என்று சொல்வது), கிரிட் செல், இடச் செல் மூன்றையும் ஒரே அடுக்கு மாதிரியில் வருவித்திருக்கிறது. மற்றக் கட்சி, நரம்பணுக்கள் தம் அக்கம்பக்கத்தை அடக்கிவைக்கும்படி இணைந்திருந்தால் அந்த வலையில் தானாகவே புள்ளிக்கோலம் எழும், எலி நகர நகர அந்தக் கோலமும் சேர்ந்து நகரும் என்றது. யோராம் புராக், இலா ஃபியெட் இருவரின் 2009ஆம் ஆண்டு மாதிரி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

2011இல் எகிப்தியப் பழந்தின்னி வௌவால்களில் கிரிட் செல்கள் கண்டறியப்பட்டன. ஆனால் அவற்றில் தொடர்ச்சியான தீட்டா அலை இல்லை. முதல் கட்சிக்கு இது பெரிய அடி. இரண்டாவது கட்சிக்கு வலுவான சான்று 2022இல் வந்தது. ஒரே நேரத்தில் பல கிரிட் செல்களைப் பதிவு செய்து, அவற்றின் கூட்டுச் செயல்பாட்டின் வடிவத்தைக் கணக்கிட்டபோது கிடைத்தது வளைய வடிவம். நடுவில் ஓட்டை உள்ள டோனட்டின் மேற்பரப்பு. வலை மாதிரி அப்படித்தான் இருக்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தது. எலி தூங்கும்போதும் அந்த வடிவம் குலையவில்லை. வெளியிலிருந்து வரும் காட்சிகளால் வரையப்பட்டதாக இருந்தால் தூக்கத்தில் அது நீடிக்க வேண்டிய காரணமே இல்லை. ஈயிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு: தலை எந்தத் திசையில் இருக்கிறது என்பதைச் சொல்லும் செல்கள் அதன் மூளையில் நிஜமாகவே ஒரு வளையமாக அமைந்திருப்பதையும், ஈ திரும்பத் திரும்பச் செயல்பாட்டுப் புள்ளி அந்த வளையத்தில் சுற்றுவதையும் யோஹான்னஸ் சீலிக், விவேக் ஜெயராமன் இருவரும் 2015இல் காட்டினார்கள். கணிதத் தாளில் வரைந்த வட்டத்தை இயற்கை அப்படியே கட்டிவைத்திருக்கும் என்று மாதிரி எழுதியவர்களே நினைத்திருக்கமாட்டார்கள்.

அப்படியானால் கிரிட் ஒழுங்கு பிறவியிலேயே வருவதா? எலிக்குட்டிகளில் செய்த சோதனைகள் 2010இல் வெளியாயின. குட்டி முதன்முதலாகக் கூட்டை விட்டு வெளியே வரும் பருவத்திலேயே திசைச் செல்கள் ஏறக்குறைய தயாராக இருக்கின்றன. இடச் செல்கள் அதையொட்டி வருகின்றன. கிரிட் செல்கள் சீர்பட இன்னும் சில நாள்கள் ஆகின்றன. உலகத்தைச் சுற்றிப் பார்த்துக் கற்பதற்கு மிகக் குறைந்த அவகாசமே இருந்திருக்கிறது. எனவே எலும்புக்கூடு பிறவியில் வருகிறது என்று கொள்வதே நியாயம். ஆனால் அந்த எலும்புக்கூட்டை இந்த அறையோடு, இந்தச் சுவரோடு பொருத்துவது கற்றல்தான். உடல் நகர்வை மட்டும் நம்பினால் பிழை சேர்ந்துகொண்டே போகும். சுவரைத் தொட்டு நேரமாக ஆக கிரிட் செல்களில் பிழை வளர்வதையும் சுவரை மீண்டும் சந்தித்தால் குறைவதையும் 2015இல் அளந்தே காட்டிவிட்டார்கள். மாதிரி முந்திக்கொண்ட ஒரு கதையும் இங்கே உண்டு. பெட்டியை நீட்டினால் இடச் செல்லின் எல்லையும், அதாவது அது துடிக்கும் பரப்பும், நீளுகிறது என்று ஓ’கீஃபும் பர்ஜெஸும் 1996இல் கண்டார்கள். அதை விளக்க, சுவரின் தூரத்தையும் திசையையும் சொல்லும் செல்கள் இருக்க வேண்டும் என்று 2000இல் மாதிரி எழுதினார்கள். அப்போது அப்படி ஒரு செல்லை யாரும் பார்த்ததில்லை. 2009இல் அந்தக் குழுவினரே அதைக் கண்டுபிடித்தார்கள்.

இனி, பரிசு இல்லாமலே இடத்தைக் கற்பது என்ற பழைய சங்கதிக்கு வருவோம். 1930இல் பெர்க்லியில் எட்வர்ட் டோல்மனும் ஹோன்சிக்கும் சில எலிகளைப் பத்து நாள் உணவே வைக்காத புதிர்ப்பாதையில் திரியவிட்டார்கள். பதினொன்றாம் நாள் உணவு வைத்ததும், தொடக்கத்திலிருந்தே உணவு பெற்று வந்த எலிகளை அவை உடனே எட்டிப்பிடித்தன. சும்மா திரிந்த நாள்களில் என்ன கற்றிருந்தன? டயான் 1993இல் எழுதிய ஒரு கணிதம் இதற்கு அழகான பதில் தருகிறது. கிம்பர்லி ஸ்டாஷென்ஃபெல்ட், மத்தியூ போட்வினிக், சாமுவேல் கெர்ஷ்மன் மூவரும் 2017இல் அதை ஹிப்போகாம்பஸுக்குப் பொருத்தினார்கள். ஓர் இடத்தில் நின்றால் அடுத்து எந்தெந்த இடங்களுக்குப் போக நேரும், எவ்வளவு விரைவில் என்ற அட்டவணையைக் கற்பதே அந்த முறை. தினமும் ஒரே பஸ்ஸில் போகிறவருக்கு ஏறிய இடத்தைச் சொன்னாலே அடுத்து வரும் நிறுத்தங்கள் மனத்தில் ஓடுவதைப் போன்றது இது. எந்த நிறுத்தத்தில் வேலை கிடைக்கும் என்பது தனிக் கணக்கு. பரிசு இடம் மாறினால் அந்தக் கணக்கை மட்டும் மாற்றினால் போதும். அட்டவணை அப்படியே பயன்படும்.

இதன்படி இடச் செல் ‘நீ இங்கே இருக்கிறாய்’ என்று மட்டும் சொல்வதில்லை. ‘இங்கே விரைவில் வரப்போகிறாய்’ என்றும் சொல்கிறது. ஒரே பாதையில் எலி திரும்பத் திரும்ப ஓடினால் இடச் செல்லின் எல்லை ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கம் நீண்டு, செல் முன்கூட்டியே துடிக்கத் தொடங்குகிறது என்று 1997இல் மயங்க் மேத்தாவும் உடன் ஆய்வாளர்களும் பதிவு செய்திருந்தது இதனோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. 2022இல் எலிகளையும் மனிதர்களையும் ஒரே வகைப் புதிர்ப்பாதையில் விட்டு, தடைகளை மாற்றி மாற்றி வைத்து, பல நிரல்களின் நடத்தையோடு ஒப்பிட்டார்கள். இரு இனங்களின் பாதைகளும் இந்த அட்டவணை நிரலையே அதிகம் ஒத்திருந்தன. ஒரு குறை உண்டு. அட்டவணை பழைய நடமாட்டத்தைச் சார்ந்தது. புதிய சுவர் முளைத்தால் அது பொய் சொல்லும். கிரிட் செல்களும் இந்த அட்டவணையின் சுருக்கமே என்று அதே கட்டுரை வாதிடுவதில் எனக்கு உடன்பாடு குறைவு. அறை மாறினால் அட்டவணை மாறும். ஆனால் ஒரு தொகுதியின் கிரிட் செல்களுக்கிடையே உள்ள உறவு அறை மாறியும் மாறுவதில்லை.

அட்டவணையைச் சரிசெய்ய எலி நடந்துகொண்டே இருக்க வேண்டுமா? வேண்டாம் போலிருக்கிறது. 2006இல் ஃபாஸ்டரும் (மேலே சொன்ன அதே ஃபாஸ்டர்) மாத்தியூ வில்சனும், ஓட்டத்தை முடித்து எலி நிற்கும்போது, வந்த பாதையின் இடச் செல்கள் கடைசியிலிருந்து தொடக்கம் நோக்கித் தலைகீழ் வரிசையில், மிக வேகமாகத் துடிப்பதைக் கண்டார்கள். பரிசிலிருந்து பின்னோக்கி மதிப்பைப் பரப்ப வேண்டும் என்ற பரிசு வழிக் கற்றலின் தேவைக்கு இது அளவெடுத்துத் தைத்தது போல் அமைகிறது. பரிசைக் கூட்டினால் இந்தத் தலைகீழ் ஓட்டம் அதிகரிக்கிறது, முன்னோக்கிய ஓட்டம் அதிகரிப்பதில்லை என்பது 2016இல் தெரிந்தது. எந்த நினைவை எப்போது ஓட்டிப் பார்ப்பது லாபம் என்று கணக்கிடும் மாதிரியை மார்செலோ மட்டாரும் நத்தேனியல் டாவும் 2018இல் கொடுத்தார்கள்.

செல் அளவில் ஒரு செய்தி. இணைப்புகள் வலுப்பெற இரு நரம்பணுக்கள் சில மில்லிநொடி இடைவெளிக்குள் பலமுறை சேர்ந்து துடிக்க வேண்டும் என்பது பாடப்புத்தக விதி. ஜெஃப்ரி மாகீயின் குழு 2017இல் எலியில் காட்டியது வேறு: ஒரு நீண்ட மின்னெழுச்சி போதும், அதற்குச் சில நொடிகள் முன்னும் பின்னும் வந்த செய்திகளெல்லாம் இணைந்து, ஒரே சுற்றில் புதிய இடச் செல் உருவாகிவிடுகிறது. ஒரு முறையில் கற்பது இப்படிச் சாத்தியமாகிறது. மாதிரி எழுதுகிறவர்களில் பலர் இன்னும் பழைய விதியையே வைத்து ஓட்டுகிறார்கள்.

இத்தனையும் சொன்னதால் பரிசு வழிப் பழக்கம் ஒதுக்கப்பட வேண்டியது என்று ஆகாது. மார்க் பக்கார்டும் ஜேம்ஸ் மெக்காஃபும் 1996இல் சிலுவை வடிவப் பாதையில் எலிகளைப் பழக்கினார்கள். எட்டாம் நாள் எதிர்ப்பக்கத்திலிருந்து விட்டால் பெரும்பாலானவை உணவு இருந்த இடத்துக்கே போயின. பதினாறாம் நாள், இடத்தை மறந்தவை போல, வழக்கமாகத் திரும்பும் பக்கமே திரும்பின. ஆனால் அன்று பழக்கத்தோடு தொடர்புடைய காடேட் என்ற மூளைப் பகுதியை மருந்தால் மரக்கச் செய்தால் இடத்துக்குப் போகும் அறிவு மீண்டும் வெளிப்பட்டது. இரண்டும் அருகருகே இருக்கின்றன. எது ஓங்குகிறது என்பதுதான் மாறுகிறது. எதன் கணிப்பில் நிச்சயம் அதிகமோ அதன் கையில் பொறுப்பு போகும் என்று டாவ், யாயெல் நிவ், டயான் 2005இல் எழுதினார்கள்.

ஆழ்கற்றல் வலைகளை, அதாவது கணினியில் கட்டிய பல அடுக்குச் செயற்கை நரம்பு வலைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனெனில் செய்திகளில் அதிகம் அடிபட்டது அதுதான். தன் நகர்வைக் கொண்டு தன் இடத்தைக் கணிக்கப் பழக்கிய வலைக்குள் கிரிட் போன்ற அலகுகள் தாமாக முளைத்தன என்று 2018இல் கூகுளின் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்டின் குழு அறிவித்தது. இயற்கை கண்டதை இயந்திரமும் கண்டது என்று கொண்டாடினார்கள். 2022இல் ரைலன் ஷாஃபர், மிகைல் கோனா, ஃபியெட் மூவரும் 11,000க்கும் மேற்பட்ட வலைகளைப் பழக்கிப் பார்த்தார்கள். இடம் கணிக்கப் பெரும்பாலான வலைகள் கற்றன. கிரிட் முளைத்ததோ சில குறிப்பிட்ட அமைப்புகளில் மட்டும். அந்த அமைப்புகளைத் தேர்ந்தெடுத்தது ஆய்வாளர்களே. முளைத்தது என்பதைவிட விதைத்தது என்பதே பொருத்தம். அந்த வலைகள் பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. ‘மூளை ஏன் இப்படி இருக்கிறது’ என்பதற்கு அவற்றைச் சான்றாகக் காட்டுவது மட்டும் அவசரம்.

இந்த மாதிரிகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு பலவீனம், அவை ஓரிரு மீட்டர் அகலத் தொட்டிகளையும் பெட்டிகளையும் பார்த்து எழுதப்பட்டவை என்பது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் நாகும் உலானோவ்ஸ்கியின் குழு 200 மீட்டர் நீளச் சுரங்கப் பாதையில் வௌவால்களைப் பறக்கவிட்டு 2021இல் முடிவை வெளியிட்டது. ஒரே இடச் செல்லுக்குப் பல எல்லைகள். அவற்றில் சிறியது ஒரு மீட்டருக்கும் குறைவு, பெரியது 30 மீட்டருக்கும் மேல். ஒரு செல், ஓர் இடம் என்று வைத்துக் கணக்குப் போட்ட மாதிரிகள் இந்த அளவுக்கு நீட்டினால் நிற்பதில்லை. அதே ஆண்டில், முப்பரிமாண வெளியில் பறக்கும்போது கிரிட் செல்களின் சீரான ஒழுங்கு குலைந்து, அண்டைப் புள்ளிகளுக்கிடையே உள்ள தூரம் மட்டும் ஓரளவு நிலையாக இருப்பதும் தெரிந்தது. தரையில் ஓடும் எலிக்கு எழுதிய கணக்கில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற வேலையில்தான் இப்போது பலர் இருக்கிறார்கள்.